திரையில் 5, டக்டுக்குள் 6

கட்டடத்துக்குள் காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாயான டக்டில், காற்றின் வேகத்தை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்தால் கட்டுப்பாட்டு அறையின் திரையில் அது தெரியாது. சென்சார் குறைத்துச் சொல்லும். கன்ட்ரோலர் அதை நம்பி விசிறியின் வேகத்தைக் கூட்டும். கேட்ட எண்ணைச் சென்சார் சொல்லும்வரை கூட்டிக்கொண்டே போகும். கடைசியில் திரையில் நிற்பது நாம் நிர்ணயித்த அதே எண்தான், அதுவும் பச்சை நிறத்தில். எந்த அலாரமும் அடிக்காது. மின் கட்டணமும், கூரைத் துளைகளில் கேட்கும் இரைச்சலும், கழுத்தில் காற்று அறைகிறது என்று முணுமுணுக்கும் ஆட்களும்தான் சாட்சிகள்.

நான் பார்க்கப் போன ஏஎச்யுவிலும் (காற்றைக் குளிர்வித்து டக்டுக்குள் தள்ளும் இயந்திரம்) இதே கதைதான். குளிர்ந்த காற்றை அறைகளுக்கு அனுப்பும் டக்ட் 600க்கு 400 மில்லிமீட்டர். நிர்ணயித்த வேகம் விநாடிக்கு 5 மீட்டர். திரையைக் கவனித்துக்கொள்பவர் என்னிடம் முதலில் கேட்டதே, "5தானே காட்டுகிறது சார், எதைச் சுத்தம் செய்யப் போகிறீர்கள்?" என்றுதான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அவர் திரையிலேயே, இன்னொரு மூலையில் இருந்தது. மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் 46 ஹெர்ட்ஸில் போய்க்கொண்டிருந்தது. ஏஎச்யுவை நிறுவியபோது எழுதி வைத்த தாளில் இதே 5 மீட்டருக்கு 38 ஹெர்ட்ஸ் என்று இருந்தது.

ஹெர்ட்ஸ் ஏறியதை மட்டும் வைத்துச் சென்சாரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. வடிகட்டி அடைத்துக்கொண்டாலும், காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடான டேம்பர் எங்காவது பாதி மூடிக்கொண்டாலும், விசிறியின் பெல்ட் நழுவினாலும் டிரைவ் ஏறத்தான் செய்யும். ஆனால் அப்போது டக்டில் உண்மையாகவே 5 மீட்டர் போய்க்கொண்டிருக்கும். சென்சார் பொய் சொன்னால் 5க்கு மேல் போகும். ஆகவே முதல் வேலை, கையில் உள்ள வேகமானியால் தனியாக அளப்பது. இதைத் தவிர்த்துவிட்டுத் துடைக்கப் போனால், துடைத்ததால் சரியானதா, துடைக்கும்போது எதையாவது அசைத்ததால் மாறியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

செவ்வக டக்டில் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சுவரோரம் காற்று மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போகும். 25 புள்ளிகளில் அளந்து சராசரி எடுப்பதே வழக்கம். ஐந்துக்கு ஐந்து என்று சமமாகப் பிரிக்காமல் சுவருக்கு அருகே நெருக்கமாக வைப்பார்கள்: பக்கத்தின் நீளத்தில் 0.074, 0.288, 0.5, 0.712, 0.926 என்ற பங்குகளில். 600 மில்லிமீட்டர் பக்கத்தில் துளைகள் 44, 173, 300, 427, 556 மில்லிமீட்டரில் வரும். 400 மில்லிமீட்டர் ஆழத்தில் கம்பியை 30, 115, 200, 285, 370 வரை நுழைக்க வேண்டும். துளைகள் ரப்பர் மூடிகளோடு ஏற்கெனவே இருந்தன. வேகமானியின் கம்பியில் ஐந்து ஆழங்களுக்கும் வண்ணப் பட்டை சுற்றிக்கொண்டால் இருட்டிலும் ஏணியிலும் கணக்குத் தப்பாது. சராசரி 6 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. 46ஐ 38ஆல் வகுத்தால் 1.21, 5ஐ 1.21ஆல் பெருக்கினால் 6.05. காற்றின் அளவு விசிறியின் வேகத்தோடு நேராக ஏறும் என்ற விதியோடு அது அப்படியே பொருந்தியது. மின்திறனோ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1.21ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு மின்சாரம், யாருக்கும் தேவைப்படாத காற்றுக்காக. வடிகட்டியின் இருபக்க அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானியும் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. ஆக, குறை சென்சாரில்தான்.

துடைப்பது சில நிமிட வேலை. அதற்கு முன் நிறுத்த வேண்டியவற்றை ஒழுங்காக நிறுத்துவதற்குத்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

விசிறியைத் திரையிலிருந்து "ஆஃப்" செய்வது நிறுத்தியதாகாது. நேர அட்டவணையோ, தீ எச்சரிக்கையோ, வேறு அறையில் உட்கார்ந்திருப்பவரோ அதை மறுபடி ஓடவிடலாம். டிரைவுக்கு மின்சாரம் தரும் சுவிட்சை இறக்கி, என் பூட்டைப் போட்டு, பெயரெழுதிய எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிட்டேன். சாவி என் சட்டைப்பையில். அதற்குப் பிறகு விசிறியை ஓட்டச் சொல்லித் திரையிலிருந்து ஒருமுறை கட்டளை கொடுத்துப் பார்த்து, அது அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். மின்சாரம் போனதும் இறக்கைகள் நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். பக்கத்து விசிறி ஓடினாலோ, உயரமான கட்டடத்தில் காற்று தானாக மேலேறினாலோ, மோட்டார் இல்லாமலே அவை சுழலும். கண்ணால் பார்த்தபிறகே கதவைத் திறக்க வேண்டும். விசிறி ஓடும்போது திறக்கப்போனால் இன்னொரு ஆபத்து: உறிஞ்சும் பக்கத்துக் கதவு விரலோடு சேர்த்து அறைந்து மூடிக்கொள்ளும், தள்ளும் பக்கத்துக் கதவு முகத்தில் வந்து அடிக்கும்.

இதே டக்டில் புகை கண்டறியும் கருவி ஒன்றும் இருந்தது. நாம் கிளப்பும் தூசி அதற்குப் புகையாகத் தெரியலாம், கட்டடமே காலியாகிவிடும். தீ எச்சரிக்கைப் பலகைக்குப் பொறுப்பானவரிடம் சொல்லி அந்த ஒன்றை மட்டும் விலக்கிவைத்து, எப்போது மீண்டும் சேர்க்க வேண்டும் என்பதையும் அவருடைய பதிவேட்டிலேயே எழுதச் சொன்னேன். ஏஎச்யுவுக்குள் கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு இருந்தால் அதற்கும் தனிப் பூட்டு வேண்டும். 254 நானோமீட்டர் ஒளி கண்ணையும் தோலையும் எரிக்கும், எரிவது அப்போது தெரியவும் செய்யாது. மின் ஹீட்டர் இருக்கும் டக்டில் விசிறியை நிறுத்துவதற்கு முன்பே ஹீட்டரை நிறுத்தி, காற்று ஓடி அது ஆறும்வரை விட்டுவைக்க வேண்டும்.

உடம்புக்கு: தகரத்தின் வெட்டு விளிம்பு கத்திக்குச் சளைத்ததல்ல, ஆகவே வெட்டுப்படாத கையுறை. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம், பக்கங்களும் மூடிய கண்ணாடி. உள்ளே கண்ணாடி இழை ஒட்டிய டக்டாக இருந்தால் முழுக்கைச் சட்டையும். பழைய கட்டடத்தில் இணைப்புகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் மூடியைத் திறக்காமலே திரும்பிவிட வேண்டும். அது அதற்கென்று உள்ள ஆட்களின் வேலை.

கதவைத் திறந்து டார்ச் அடித்தால், காற்றுக்குக் குறுக்கே ஒரு கம்பி, அதுதான் சென்சார், அதில் இரண்டு சன்னல்கள். ஒவ்வொரு சன்னலிலும் இரண்டு மணிகள், ஒவ்வொன்றும் கடுகளவு, கண்ணாடி பூசியவை. ஒன்று காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. மற்றது தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு, காற்று எவ்வளவு வேகமாகத் தன்னைக் குளிர்விக்கிறது என்பதிலிருந்து காற்றின் வேகத்தைச் சொல்கிறது. சூடான மணியின் மேல் தூசி படிந்தால் அது போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். வெப்பம் வெளியேறுவது குறையும். காற்று மெதுவாகப் போவதாகவே கருவி கணக்குப் போடும். இந்த வகைச் சென்சாரில் அழுக்கு பெரும்பாலும் ஒரே திசையில்தான் பொய் சொல்லும், குறைத்து.

பார்த்த காட்சி எதிர்பார்த்ததுபோலவே இருந்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. மணியின் மேல் தூசி அதிகம் இல்லை. மெல்லிய சாம்பல் படலம் மட்டுமே. சன்னலின் விளிம்பில்தான் நார்கள் சிக்கியிருந்தன. துணி நூல்போல நீண்டவை. காற்று வரும் பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மணியின் முன்னால் திரையாகத் தொங்கின. காற்று போகும் பக்கம் பளிச்சென்று இருந்தது. கம்பி, குளிரூட்டும் காயிலுக்குச் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. காயிலிலிருந்து பறந்த நீர்த்துளிகள் பட்டு நார்களின் அடிப்பகுதி களிமண்போல் இறுகியிருந்தது. உதறினால் போகும் நிலையில் இல்லை. தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொண்டேன். இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்லப்போவது அந்தப் படம்தான்.

கம்பியைக் கழற்றுவதற்கு முன் அது டக்டுக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை மார்க்கரால் கம்பியிலேயே கோடிட்டேன். காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறிக்கு நேராக டக்டின் மேலும் ஒரு கோடு. இதைச் செய்யாமல் கழற்றி, திரும்ப மாட்டும்போது சில டிகிரி திருகிவிட்டால், சுத்தமான சென்சாரும் தவறாகத்தான் சொல்லும். பிறகு இணைப்பானை உருவினேன். 24 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் மணி சூடானது, நாம் பயன்படுத்தப்போவதோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவு ஆவி விடும் திரவம் அது. மின்சாரம் இருக்கும் சூடான மணியின் மேல் அதைத் தடவக் கூடாது. டக்டுக்குள் தெளிக்கவே கூடாது. கம்பியை வெளியே, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், தூரிகையில் தொட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பாட்டிலின் மூடி தொட்ட கணம் தவிர மூடியே இருக்கட்டும்.

முதலில் உலர் வேலை. மென்மையான ஓவியத் தூரிகையால், மணியைத் தொடாமல், சன்னலின் விளிம்பிலிருந்து நார்களை வெளிப்பக்கமாக இழுத்தேன். நீண்ட நார்களுக்கு முனை மழுங்கிய சாமணம் உதவும். ஆனால் மணியைத் தாங்கும் கம்பிகள் தலைமுடியளவே. நார் அவற்றில் சுற்றியிருந்தால் இழுக்கக் கூடாது, சின்னக் கத்தரியால் இரண்டாக வெட்டித் தனித்தனியே எடுக்க வேண்டும். பஞ்சுக் குச்சியை நான் கொண்டுபோவதே இல்லை. அது எடுப்பதைவிட விட்டுவைக்கும் நாரே அதிகம்.

பிறகு ஈர வேலை. 99 சதவீத ஆல்கஹால். கைகழுவப் பயன்படும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர். மெதுவாகக் காயும், காய்ந்தபின் கறை விடும். அசிட்டோன் வேகமாக வேலை செய்யும்தான், பிளாஸ்டிக் கூட்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆல்கஹாலில் நனைத்த தூரிகையை மணியின் மேல் ஒரே திசையில், எடையே இல்லாமல் இழுக்க வேண்டும். இறுகிய அடிப்பகுதியில் சொட்டு வைத்து ஊறவிட்டால் தானாக இளகிவிடும். சுரண்டும் ஆசை வரும்; அதை அடக்கிக்கொள்வதுதான் இந்த வேலையின் பாதித் திறமை. ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு தூரிகையை நார் உதிராத துணியில் துடைத்தேன், இல்லாவிட்டால் ஒரு மணியின் அழுக்கு அடுத்த மணிக்குப் போகும். துணியில் கடைசியாகக் கறுப்பு படியாமல் வந்ததும் நிறுத்தினேன்.

டப்பாவில் வரும் அழுத்தக் காற்றை இந்த இடத்தில் பலர் எடுப்பார்கள். டப்பாவைச் சாய்த்தால் காற்றுக்குப் பதில் உறையவைக்கும் திரவம் வெளியே வரும். சிலவற்றின் வாயு எரியக்கூடியதும்கூட. கண்ணாடி பூசிய மணிக்கு அந்தத் திடீர்க் குளிர் ஆகாது.

ஆல்கஹால் வாசனை முற்றிலும் போகும்வரை காத்திருந்து, கோடுகளைப் பொருத்தி மாட்டினேன். துளையைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் விறைத்துப்போயிருந்தது, அதையும் மாற்றினேன். அங்கே காற்று கசிந்தால் மணிக்குப் பக்கத்திலேயே ஒரு தனி ஓட்டம் உண்டாகும். விசிறி ஓடாதபோது மின்சாரம் கொடுத்துப் பார்த்ததில் திரை துல்லியமாகப் பூஜ்யம் காட்டவில்லை, சின்ன எண் ஒன்று நின்றது. சூடான மணியைச் சுற்றிக் காற்று தானாக மேலே எழும். அதைத்தான் அது படிக்கிறது. இதைக் குறை என்று நினைத்துப் பூஜ்யத்துக்குத் திருத்தப்போனால் மேலே உள்ள எல்லா எண்களும் நகர்ந்துவிடும்.

பூட்டை எடுத்து விசிறியை ஓடவிட்டதும் திரை ஒரு கணம் 6ஐக் காட்டிவிட்டு இறங்கத் தொடங்கியது. 5ல் நின்றபோது டிரைவ் 39 ஹெர்ட்ஸில் இருந்தது. வேகமானியால் அதே 25 புள்ளிகளில் மறுபடி அளந்தால் சராசரி 5.1. தாளில் இருந்த 38க்கும் இந்த 39க்கும் உள்ள வேறுபாட்டுக்கு வடிகட்டியின் அழுக்கே போதுமான காரணம்.

அதே டக்டிலிருந்து கிளைபிரியும் பெட்டி ஒன்றில் வேறு வகைச் சென்சார்: பிட்டோ குழாய். ஆற்று நீரின் வேகத்தை அளக்க ஹென்றி பிட்டோ 1732ல் செய்த கருவியின் பேரப்பிள்ளை. காற்றை எதிர்கொள்ளும் துளைகளில் ஒரு அழுத்தம், மறுபுறத் துளைகளில் இன்னொன்று. இரண்டின் வேறுபாட்டிலிருந்து வேகம். இங்கே சுத்தம் செய்யும் முறையே வேறு, ஆபத்தும் வேறு.

5 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் அழுத்தம் வெறும் 15 பாஸ்கல். 1 மீட்டரில் 0.6. இவ்வளவு நுண்ணிய அழுத்தத்தைப் படிக்கும் கருவியின் எல்லை பெரும்பாலும் 250 பாஸ்கல் போல இருக்கும். கம்ப்ரசரின் 6 பார் என்பது 6,00,000 பாஸ்கல். கருவி இணைந்திருக்கும்போதே குழாய்க்குள் கம்ப்ரசர் காற்றை ஊதினால் அதற்குள் அழுத்தத்தை உணரும் மெல்லிய சவ்வு அந்த இடத்திலேயே முடிந்தது. வாயால் ஊதுவதும் ஆயிரக்கணக்கான பாஸ்கல், கூடவே ஈரமும். ஆகவே முதலில் இரண்டு குழாய்களையும் கருவியிலிருந்து கழற்றி, சிவப்பும் நீலமுமாகப் பட்டை ஒட்டி, கருவியின் முனைகளை மூடிவைக்க வேண்டும். ஊதினால் கருவிப் பக்கத்திலிருந்து டக்டை நோக்கி மட்டும், தயாரிப்பாளர் சொன்ன குறைந்த அழுத்தத்தில். எதிர்த்திசையில் ஊதினால் துளைவாயில் இருந்த தூசி குழாயின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் குழாய்களைக் கழற்றும்போது விசிறி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டக்டின் அழுத்தத்தைப் பார்த்து விசிறியை ஓட்டும் அமைப்பில் அந்தக் குழாயை உருவினால் கன்ட்ரோலருக்குப் பூஜ்யம் தெரியும். முழு வேகத்துக்குத் தள்ளிவிடும். கிளைகளின் டேம்பர்கள் மூடியிருக்கும் நேரமானால் டக்டின் தகரமே பிதுங்கும்.

துளைகளில் தூசி கொஞ்சம்தான். கோளாறு குழாயில் இருந்தது. தொய்ந்து தொங்கிய வளைவில் தண்ணீர் தேங்கியிருந்தது, டார்ச் வெளிச்சத்தில் நீளமான ஒரு துளியாக. இரு பக்கமும் 1 மில்லிமீட்டர் உயரம் வேறுபட்டாலே அது கிட்டத்தட்ட 10 பாஸ்கல்; அளக்க வேண்டியதே 15 என்னும்போது இது எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள். தண்ணீரை வடித்து, குழாயைப் புதிதாக வெட்டி, டக்டை நோக்கிச் சரிவாகக் கட்டினேன். முழுவதுமாக அடைத்துப்போன குழாய் இதைவிட விசித்திரமானது. உள்ளே சிறைப்பட்ட காற்று ஒரு டிகிரி சூடானால் அழுத்தம் சுமார் 340 பாஸ்கல் ஏறும். காற்றோட்டமானி வெப்பமானியாகிவிடும். பகலில் ஒரு எண்ணும் இரவில் இன்னொன்றுமாகக் காட்டும் பெட்டியைக் கண்டால் கன்ட்ரோலரை மாற்றுவதற்கு முன் குழாயைப் பாருங்கள்.

இணைப்பதற்கு முன் இரண்டு முனைகளையும் திறந்தவெளியில் விட்டுப் பூஜ்யத்தைச் சரிபார்த்தேன். இந்த வகைக்கு அது அவசியம். 1 பாஸ்கல் நகர்ந்திருந்தால் 5 மீட்டரில் 5.16 என்று காட்டும், பொறுத்துக்கொள்ளலாம். 1 மீட்டரில் 1.6 என்று காட்டும். குறைந்த காற்றில் ஓடும் அறைகளில்தான் இந்தப் பிழை கடிக்கும்.

பிட்டோவிலேயே ஒரு பிரிவு உண்டு. சில கருவிகள் சவ்வு வைத்தவை, குழாயில் காற்று நகராது. சிலவற்றில் மெல்லிய காற்றோட்டம் கருவிக்குள்ளேயே ஓடிச் சூடான சில்லு ஒன்றைக் கடக்கும். இரண்டாம் வகை தூசியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் உட்பக்கத்தை நாம் சுத்தம் செய்யவும் முடியாது. அழுக்கான காற்று திரும்பி வரும் டக்டில் அதைப் பொருத்தியிருந்தால் துடைப்பதில் நேரத்தைச் செலவிடாமல் சவ்வு வகைக்கு மாற்றச் சொல்வேன்.

நார்கள் எங்கிருந்து வந்தன? வடிகட்டியைக் கடந்த காற்றில் துணி நூல் இருக்கவே கூடாது. வடிகட்டிகளைக் கழற்றியபோது ஒரு சட்டத்தின் ஓரத்தில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் இரண்டு விரல் நீளத்துக்குக் காணோம். அந்த இடத்தில் தகரத்தின் மேல் கறுப்பாக ஒரு தீற்றல், சரியாகக் காற்றின் திசையில். படத்தில் நார்கள் அதிகம் தொங்கிய பக்கமும் அதே பக்கம்தான். புதிய கேஸ்கெட் ஒட்டி, சட்டத்தின் பிடிப்பான்களை இறுக்கிய பிறகே கதவை மூடினேன். புகைக் கருவி மீண்டும் சேர்க்கப்பட்டதற்கான பதிவையும் பார்த்துக்கொண்டேன்.

சமையலறைப் புகையை வெளியேற்றும் டக்டில் உள்ள சென்சாரையும் பார்க்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அங்கே படிவது எண்ணெய். டக்ட் முழுவதையும் கொழுப்பு நீக்கும் ஆட்கள் சுத்தம் செய்யாமல் ஆல்கஹாலோடு அதற்குள் கைவிடக் கூடாது. நோய்த்தொற்று அறை, ஆய்வகம் ஆகியவற்றின் டக்டுகளுக்கும் இதே பதில்தான்: உள்ளே என்ன ஓடியது என்று எழுத்தில் தெரியும்வரை திறப்பதில்லை.

கட்டுப்பாட்டு அறைக்காரர் இப்போது திரையில் ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறார். காற்றின் வேகத்துக்குப் பக்கத்திலேயே டிரைவின் ஹெர்ட்ஸையும் வடிகட்டியின் அழுத்தத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டார். வடிகட்டியின் அழுத்தம் பெரிதாக ஏறாமல் ஹெர்ட்ஸ் மட்டும் 42ஐத் தாண்டினால் வேகமானியோடு வரச் சொல்லி எனக்குத் தகவல் வரும்.